குரல்கள் நின்றுவிட்டன; பாடம் ஏன் மனதில் நிற்கவில்லை?

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. இன்ஜினியரிங் படிக்கிறான். சில மாதங்களுக்கு முன், காதில் குரல்கள் கேட்பதாகவும், பக்கத்து அறைப் பையன்கள் தன்னைப் பற்றியே பேசுவதாகவும் சொல்லி ஹாஸ்டலை விட்டு வந்துவிட்டான். சைக்கோசிஸ் (நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் மனநோய்) என்றார்கள். அதற்கு ரிஸ்பெரிடோனும், அந்த மருந்தால் வந்த கை நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடிலும் சாப்பிடுகிறான். குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் படித்தது எதுவும் தங்கவில்லை. கடையில் நாலு சாமான் வாங்கச் சொன்னால் ஒன்றோடு வருகிறான். சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டுகிறார். மாத்திரைதான் மூளையை மந்தமாக்குகிறது, நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இது சோம்பேறித்தனம் இல்லை. இதை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். சைக்கோசிஸ் முதல் முறை வந்தவர்களிடம் அதிகம் அடிபடும் திறன்களில் ஒன்று, கேட்ட சொல்லையும் படித்த சொல்லையும் கற்று நினைவில் வைப்பது. குரல்களும் சந்தேகமும் மருந்துக்கு அடங்கிய பிறகும் பலருக்கு இந்தக் குறை மீதி இருக்கிறது. வெளியே தெரியாத குறை என்பதால் பழி பிள்ளையின் மேல் விழுகிறது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 15 சொற்களை வாசித்துக் காட்டி, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்வோம். அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்போம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை வேகமாக ஏறும். உங்கள் தம்பி போன்றவர்களுக்கு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒருமுறை கற்றுக்கொண்டதை, அரை மணி நேரம் கழித்துக் கேட்டாலும் பெரும்பாலும் விடுவதில்லை. சொற்களை நாமே காட்டி, “இது பட்டியலில் இருந்ததா?” என்று கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஆக, சிக்கல் பெரும்பாலும் உள்ளே போகும் வழியில்தான். கத்தரிக்காய், சுத்தியல், முருங்கைக்காய், ரம்பம் என்று கலந்து சொன்னால், நம் மனம் தானாகவே காய்கறியை ஒரு பக்கமும் கருவிகளை ஒரு பக்கமும் பிரித்துக்கொள்ளும். இந்த நோயில் அந்த வேலை தானாக நடப்பது குறைகிறது.

அதனால் அந்தப் பிரிக்கும் வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டும். நாலு சாமானை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். “சாம்பாருக்கு இரண்டு, காப்பிக்கு இரண்டு” என்று பிரித்துச் சொல்லி, அவனையே திருப்பிச் சொல்ல வையுங்கள். பிறகு போனில் எழுதிக்கொள்ளட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடத்தை ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, சொந்த வார்த்தையில் உங்களிடம் சொல்லட்டும். அன்று இரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, சில நாள் கழித்து மீண்டும் ஒருமுறை. இரவு முழுக்க உட்கார்ந்து மனப்பாடம் செய்வது அவனுக்கு ஆகாது. தூக்கம் கெட்டால் நோயே திரும்பலாம்.

மாத்திரைக்கு வருகிறேன். மருந்தே தொடாதவர்களிடமும் இந்தக் குறையைக் கண்டிருக்கிறார்கள். எனவே முழுப் பழியும் ரிஸ்பெரிடோன் மேல் இல்லை. டோஸ் கூடினால் மந்தம் வரலாம், அவ்வளவுதான். முதல் முறை நோய் வந்து குணமானவர்களை ஐந்து ஆண்டுகள் வரை கவனித்து 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நான் சந்தேகப்படுவது அந்த நடுக்க மாத்திரையை. டிரைஹெக்ஸிஃபெனிடில் நினைவாற்றலை நேரடியாகவே குறைக்கும். தொடக்கத்தில் தேவைப்பட்டிருக்கலாம், இப்போதும் தேவையா, ரிஸ்பெரிடோனின் அளவையே கொஞ்சம் குறைத்தால் நடுக்கம் அடங்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு இவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கஞ்சாப் பழக்கம் உண்டா என்பதைத் திட்டாமல், தனியாகக் கேளுங்கள்.

இது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் மறதி நோய் அல்ல. முதல் நோய்க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தக் குறை பெரும்பாலும் அதே அளவில்தான் நிற்கிறது. சிலருக்குக் கொஞ்சம் தேறுகிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் பயிற்சி தரும் சிகிச்சை பலன் தருகிறது. வேகநடை போன்ற உடற்பயிற்சியும் உதவுகிறது. சென்னையில் ஸ்கார்ஃப், பெங்களூருவில் நிம்ஹான்ஸ் ஆகிய மனநல நிறுவனங்களில் மறுவாழ்வுப் பிரிவுகள் உள்ளன, அங்கே விசாரியுங்கள். அவசரமாக ஆலோசனை தேவைப்பட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை.

இந்த செமஸ்டரில் எல்லாப் பேப்பரையும் எழுதியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டு மூன்று பேப்பர் போதும். மீதியைத் தள்ளி எழுத அனுமதி கேட்க, மருத்துவச் சான்றோடு அப்பாவே கல்லூரிக்குப் போய்ப் பேசட்டும்.