கிளட்ச்சை மிதித்தால் ‘டக்’ என்ற சத்தம்: எஞ்சினை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2004ஆம் ஆண்டின் டொயோட்டா டாஸ் கார் இருக்கிறது, 3,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கும்போது எஞ்சினிலிருந்து ‘டக்’ என்று சத்தம் வருகிறது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்சாஃப்ட் ஆட்டம் கண்டுவிட்டது, ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினை வாங்கிப் போடுவதுதான் வழி என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வதை நம்பலாமா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: அம்மா, உங்கள் மெக்கானிக்கின் சந்தேகம் சரியாக இருக்கலாம். ஆனால் அளவு எடுக்காமல் அவர் சொல்லும் தீர்வை ஏற்காதீர்கள்.

கிராங்க்சாஃப்ட் சுழல்வதோடு, தன் நீளவாக்கில் மயிரிழை அளவு முன்பின் நகரவும் இடம் விட்டுத்தான் எஞ்சினைச் செய்கிறார்கள். எண்ணெய்ப் படலம் நிற்க அந்த இடம் வேண்டும். இதை எண்ட் ப்ளே என்கிறோம். அது அளவு மீறாமல் தடுப்பவை பிறை வடிவத் த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க்சாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து விலகி, மறுமுனையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பக்கம் தள்ளப்படுவதால், ஒரு பக்கத்து வாஷர்தான் அந்தச் சுமையைத் தாங்கித் தேய்கிறது. டர்பனின் மேடுகளில், சிக்னலுக்குச் சிக்னல் காரைக் கிளட்ச்சாலேயே பிடித்து நிறுத்துகிறவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் தேயும்.

முதல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒருவர் கிளட்ச்சை மிதித்து விடும்போது, மற்றவர் விளக்கொளியில் கிராங்க் புல்லியின் நடுப் போல்ட்டைப் பார்க்கட்டும். போல்ட் வெளியே வருவது வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தால், பட்டறையில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கேஜின் முனை கிராங்க்சாஃப்ட்டின் நீளவாக்கில் நேராக அமர வேண்டும். கிராங்க்சாஃப்ட்டைக் கியர்பாக்ஸ் பக்கம் முழுவதும் தள்ளிக் கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு எதிர்ப்பக்கம் தள்ளிப் படிக்க வேண்டும். மூன்று முறை எடுத்தும் ஒரே அளவு வந்தால்தான் அது அளவு. சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் பொதுவாக 0.05 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், 0.30-ஐத் தாண்டினால் வாஷர் மாற்ற வேண்டியதுதான். உங்கள் எஞ்சினுக்குரிய எல்லையைத் தயாரிப்பாளரின் கையேட்டில் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சில புல்லிகளில் நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ரப்பர் இருக்கும். ரப்பர் கிழிந்துவிட்டால் கிராங்க்சாஃப்ட் அசையாமலேயே வெளி வளையம் மட்டும் ஆடும். அந்த வளையத்தைக் கம்பியால் நெம்பிக் காட்டி, “பாருங்கள், கிராங்க் போய்விட்டது” என்று சொல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். புல்லியை மாற்றினால் தீர்ந்துவிடும் காரியம் அது. அதனால்தான் நடுப் போல்ட்டைப் பார்க்கச் சொன்னேன். கேஜின் முனையும் அங்கேதான் படவேண்டும், வளையத்தின் மேல் அல்ல.

அளவு மீறியிருந்தாலும் எஞ்சினையே மாற்ற வேண்டும் என்பதில்லை. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றினால், பல எஞ்சின்களில் கிராங்க்சாஃப்ட்டைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப்பைத் திறந்து த்ரஸ்ட் வாஷர்களை மட்டும் மாற்றிவிடலாம். அவற்றின் எண்ணெய்க் கோடுகள் கிராங்க்சாஃப்ட்டை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நாளில் பழைய கதைதான். வாஷர் கழன்று சம்ப்பில் விழுந்து, கிராங்க்சாஃப்ட் எஞ்சினின் உடலான பிளாக்கையே அரைத்திருந்தால் மட்டும் வேறு எஞ்சினைப் பற்றிப் பேசலாம். அப்படிப் பேசும்போதும், “குறைந்த கிலோமீட்டர்தான் ஓடியது” என்று இடைத்தரகர் சொல்வதை நம்பாதீர்கள். தனியாகக் கழற்றி வந்த எஞ்சினில் கிலோமீட்டர் எழுதியிருப்பதில்லை. பணம் கொடுக்கும் முன் அதன் எண்ட் ப்ளேயையும் உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்பதும் பொய். தேய்ந்த உலோகத்தை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்றும் நிம்மதி கொள்ளாதீர்கள். அந்தச் சோதனை பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. எஞ்சினின் உள்ளே யாரும் பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்க்கும்போது பொருத்திய புதிய பாகத்துக்கும் புதுப்பித்த பாகத்துக்கும் மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. ஆனால் ரசீது இல்லாமல் அதை எப்படிக் கேட்பது? ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையும் என்று ஆசைகாட்டி ரசீதைத் தவிர்ப்பவர்களை யாரும் தடுப்பதில்லை, ஏமாந்தவர்தான் அலைகிறார் என்பது எனக்கு ஆறாத வருத்தம். அளந்த எண்ணையும் மாற்றிய பாகத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்ப்பைத் திறக்கும் நாள்வரை நீண்ட பயணம் வேண்டாம். சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கில் நில்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை மிதிக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் இல்லாத அந்த முதல் வினாடிகளில்தான் வாஷர் அதிகம் தேய்கிறது.