பள்ளித் தெருவில் கோலம் போடுவது பற்றி

வணக்கம். கும்பகோணத்தில் உங்கள் பள்ளித் தெருவைப் பைக்குகள் குறுக்குவழியாக்கிவிட்டன, நடுவில் பெரிய கோலம் வரைந்தால் வேகம் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். குறையலாம்; ஆனால் நடுவில் வேண்டாம், முனையில் வரையுங்கள்.

வண்டிகள் அகலமாக வளைத்துத் திரும்பும் மூலையை வண்ணத்தால் நிரப்பி, ஓரத்தில் நாலைந்து பூந்தொட்டி வைத்தால் திருப்பம் குறுகும், வேகமும் தணியும். பிள்ளைகள் கடக்க வேண்டிய தூரமும் குறையும். 2022-ல் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் சாலை ஓவியம் வரைந்த 17 இடங்களில் நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் சிக்கிய விபத்துகள் 50 சதவீதம் குறைந்திருந்தன. நம் ஊருக்கும் அதே கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

பெயிண்டில்தான் ஏமாறுவோம். மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் மிச்சமிருந்த எனாமலைப் பூசினோம். ஐப்பசி முதல் மழையிலேயே பால்காரர் சறுக்கி விழுந்தார். மஞ்சள் தாமரை மேல் கேன் உருண்டு பால் வெள்ளமாக ஓடியது. பாவம், அவருக்கு முழங்கை சிராய்ப்பு. சாலைக்குறி பெயிண்டையே வாங்கி, சலித்த மணல் கலந்து பூசுங்கள். தை, மாசிதான் தோது. ஆனால் அறுவடைக் காலம், தெருவில் நெல் காயுமா என்று முதலில் விசாரியுங்கள்!

பள்ளம் போலத் தெரியும் முப்பரிமாண ஓவியம் வேண்டவே வேண்டாம். யாராவது திடீரென பிரேக் அடிப்பார்கள். வரிக்குதிரைக் கோட்டின் மீதும் எதுவும் வரையாதீர்கள். மாநகராட்சியில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதற்குள் ஒரு வாரம் சுண்ணாம்புப் பொடியால் எல்லை போட்டு, பள்ளி விடும் நேரத்தில் நின்று பாருங்கள்.