பிரெஞ்சு மொழி முகாமிலிருந்து பாதியில் அனுப்பப்பட்ட மகன்: கட்டிய பணத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி: கோயம்புத்தூரில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்த என் மகனுக்கு வயது 16. பள்ளியில் இரண்டாம் மொழி பிரெஞ்சு. பள்ளியில் தந்த சுற்றறிக்கையைப் பார்த்து, சென்னை நிறுவனம் ஒன்றில் வரியுடன் 4,85,100 ரூபாய் கட்டி, லியோன் நகரத்துக்கு அருகில் 2025 ஜூன் 13-ஆம் தேதி தொடங்கிய 21 நாள் மொழி முகாமுக்கு அவனை அனுப்பினோம். எட்டு மாணவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர், இரவும் பகலும் கண்காணிப்பு என்று கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். ஜூன் 21-ஆம் தேதி இரவு, இரண்டு நண்பர்களோடு ஊர்ச் சதுக்கத்தில் நடந்த இசை விழாவைப் பார்க்கப் போய்விட்டு வந்தான். அதற்காக ஒழுங்கு மீறல் என்று கடிதம் கொடுத்து மறுநாளே வெளியேற்றினார்கள். திரும்பி வர 92,000 ரூபாய் கொடுத்து நாங்களே விமானச் சீட்டு வாங்கினோம். சைவ உணவு சரியாகத் தரவில்லை, பாதி வகுப்புகளை ஆங்கிலத்திலேயே நடத்தினார்கள், சான்றிதழும் இல்லை, பதினொன்றாம் வகுப்பின் தொடக்க நாட்களும் வீணாயின. உறவினர்கள் கேட்கும் கேள்விகளால் அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. நிறுவனம் 75,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. பள்ளி, சென்னை நிறுவனம், முகாமை நடத்திய பிரெஞ்சு மையம் மூவர் மீதும் மோசடி வழக்கும், 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்கும் போட விரும்புகிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி வழக்குக்கு உதவாது. சைவ உணவு, ஆங்கிலத்தில் நடந்த வகுப்பு, கிடைக்காத சான்றிதழ், உறவினர்களின் பேச்சு ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். மோசடிக் குற்றத்துக்குப் பணம் வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். உங்கள் மகனை விமானத்தில் ஏற்றி, விசா எடுத்துக் கொடுத்து, ஒன்பது நாள் தங்கவும் வைத்தவர்கள் மீது அதை நிறுவ முடியாது. பிரெஞ்சு மையத்தின் மீது இங்கிருந்து வழக்கு நடத்துவதையும் மறந்துவிடுங்கள். அந்நாட்டுச் சட்டம் நம் நீதிமன்றங்களில் நிபுணர் சாட்சியத்தால் நிரூபிக்கப்பட வேண்டிய ஒரு சங்கதி. அந்தச் செலவை உங்கள் இழப்பின் அளவு தாங்காது.

மிஞ்சுவது ஒரே ஒரு கேள்விதான்: நீங்கள் யாரிடம், எதை வாங்கினீர்கள்? சென்னை நிறுவனத்திடம் மேற்பார்வையோடு கூடிய வெளிநாட்டுப் பயணத்தையும் தங்கலையும் வாங்கினீர்கள் என்று நிலைநாட்ட முடிந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு உண்டு. கல்வியை வாங்கினீர்கள் என்று பதிவானால், அநேகமாக வழக்கு இல்லை.

காரணம் இது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின் பொருளில் சேவை வழங்குவோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-இலும் 2012-இலும் சொல்லியிருக்கிறது. அந்த வழியில், 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் மூவர் அமர்வு, பயிற்சி மையங்கள் நீங்கலாக, கல்வி வழங்கும் நிறுவனங்களையும் அவை நடத்தும் சுற்றுலா, உல்லாசப் பயணம், விளையாட்டு, நீச்சல் போன்ற துணைச் செயல்பாடுகளையும் சேர்த்தே சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் புகாரைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது ‘ஆசிரியர்’, ‘வகுப்பு’, ‘சான்றிதழ்’, ‘பள்ளி’ என்ற சொற்களைத்தான். அவற்றை நீங்களே பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருந்தால், வழக்கு ஏற்கத்தக்கதா என்பதையே முதல் பிரச்சினையாக்கி ஓராண்டைக் கடத்திவிடுவார்.

பிள்ளைகளின் வெளிநாட்டுப் பயணம் தொடர்பாக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பள்ளி மீதுள்ள கோபம் இயல்பானது. சுற்றறிக்கையை நம்பித்தானே பணம் கட்டினீர்கள்? ஆனால் பள்ளியை முதல் எதிர்மனுதாரராகச் சேர்த்த அந்தக் கணத்தில், ஒரு வணிக நிறுவனம் விற்ற பயணத்தை, பள்ளி ஏற்பாடு செய்த கல்விச் செயல்பாடாக நீங்களே மாற்றிக் காட்டுகிறீர்கள். பள்ளி தன் தற்காப்புக்காகச் சொல்லும் ஒவ்வொரு வரியையும் சென்னை நிறுவனம் தனக்குக் குடையாகப் பிடித்துக்கொள்ளும். பள்ளி உங்களிடம் பணம் வாங்கவில்லை, முகாமை நடத்தவுமில்லை. அதை விட்டுவிடுங்கள். மகன் இன்னும் இரண்டு ஆண்டு அங்கேதான் படிக்கப்போகிறான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்னை நிறுவனம் அடுத்து எடுக்கும் வாதம், ‘நாங்கள் வெறும் முகவர்கள், ஒப்பந்தம் பிரெஞ்சு மையத்தோடு’ என்பதாக இருக்கும். இதற்கு விடை உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. 4,62,000 ரூபாய் விலையோடு, அதில் ஐந்து சதவீதமான 23,100 ரூபாயை டி.சி.எஸ். என்ற வரியாகப் பிடித்திருக்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின்படி வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் அந்தத் தொகுப்பை வாங்குபவரிடம் வசூலிக்க வேண்டிய வரி அது. அதை உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்கள் என்பது, உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் தெரியும். வரித்துறையிடம் விற்பவராகக் கையெழுத்திட்டவர், ஆணையத்தின் முன் வந்து நான் வெறும் தரகர் என்று சொல்வது எளிதல்ல. 26ஏஎஸ் நகலை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த 23,100 ரூபாயை மட்டும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வருமான வரிக் கணக்கில் அதை வரவு வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கும்போது இங்கேயும் கேட்டால், மற்ற கணக்குகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். (வங்கி மூலம் நேரடியாக வெளிநாட்டு மையத்துக்கே கட்டணம் அனுப்பிய பெற்றோர்களுக்கு இந்த வாதம் கிடைக்காது. அவர்களின் நிலை வேறு.)

இனி மகன் வெளியே போன விஷயம். நீங்கள் இணைத்திருக்கும் இரண்டு தாள்கள்தான் இந்த வழக்கின் உயிர். அவை ஒன்றையொன்று வெட்டுகின்றன. முதலாவது, முகாம் கொடுத்த வெளியேற்றக் கடிதம். இரவு 10.30 மணிக்கு வருகைப் பதிவு முடிந்தபின் மூன்று மாணவர்களும் வெளியேறினார்கள், 1.15 மணிக்குத் திரும்பியபோது வாயிற்காவலர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மேற்பார்வையாளருக்குத் தெரிந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு எதிராக எழுதப்பட்ட அந்தக் கடிதம், மூன்று சிறுவர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை என்ற ஒப்புதலும் ஆகும். அதுவும் எந்த இரவு? 1982 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று பிரான்ஸ் முழுவதும் தெருக்களில் இசை விழா நடக்கிறது. நள்ளிரவு வரை ஊரே வெளியில் இருக்கும். பதின்வயதுப் பிள்ளைகளை அன்றிரவு வெளியே இழுப்பது எதுவென்று அங்கே முகாம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். முன்கூட்டி அறியக்கூடிய ஆபத்து என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல தேதி அமையாது.

பிரான்சில் அரசிடம் பதிவு செய்து நடத்தப்படும் சிறார் விடுமுறை முகாம்களில், ஆறு வயதுக்கு மேற்பட்ட 12 பேருக்கு ஒரு மேற்பார்வையாளராவது இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அதை வாதமாக எடுக்காதீர்கள்; உங்கள் கையேடு எட்டுப் பேருக்கு ஒருவர் என்று அதைவிடக் கூடுதலாக வாக்களித்திருக்கிறது, அதை நிரூபிக்க நிபுணரும் தேவையில்லை. பள்ளிச் சுற்றுலாவில் கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2006-இல் வட இந்தியச் சுற்றுலாவின்போது பெங்களூரு மாணவி ஒருவர் மூளைக்காய்ச்சலுக்கு ஆளான வழக்கில், குறைக்கப்பட்டிருந்த இழப்பீட்டை 2021-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் 88.73 லட்சம் ரூபாயாக்கியது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் தீராத பாதிப்பு. உங்கள் மகன் பத்திரமாக வீடு திரும்பியிருக்கிறான். அந்த எண்ணைப் பார்த்து 25 லட்சம் என்று நினைத்திருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். தொகையை ஏற்றிக் கேட்பதால் பெரிய மன்றத்துக்குப் போகவும் முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் மன்றத்தை முடிவு செய்வது நீங்கள் கொடுத்த விலை. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் வசிக்கும் கோயம்புத்தூரிலேயே போடலாம். விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை.

இரண்டாவது தாள்தான் எனக்குக் கவலை தருகிறது. ஜூன் 23-ஆம் தேதி நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில், ‘என் மகன் விடுதிக் கதவைத் தாண்டவே இல்லை, தொலைபேசியில் பேச வாசலில் நின்றான், அவன் மேல் வீண்பழி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் இசை விழாவுக்குப் போனான் என்கிறீர்கள். தாயின் தவிப்பில் எழுதியது என்று எனக்குப் புரிகிறது. ஆணையத்துக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை. இதில் பொய்யைவிடப் பெரிய கேடு ஒன்றும் இருக்கிறது: அவன் வெளியே போகவே இல்லை என்றால் மேற்பார்வை தவறவில்லை என்று ஆகிறது. பிள்ளை நிரபராதி என்று நிரூபிக்கப் போராடும் பெற்றோர், தங்கள் கையிலிருக்கும் ஒரே நல்ல வாதத்தை எதிர்த்தரப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் போனான், போகக்கூடாதுதான், ஆனால் அவன் போவதைத் தடுக்கவும் போனதைக் கண்டுபிடிக்கவும்தான் உங்களுக்குப் பணம் கொடுத்தேன் என்று நேராகச் சொல்லும் புகாருக்கே மதிப்பு உண்டு. அப்படிச் சொல்லும்போது அவன் பங்குக்கான குறைப்பையும் ஏற்க வேண்டியிருக்கும்.

அதோடு, புகாரை நீங்கள் தாக்கல் செய்தாலும் நடந்ததை அறிந்தவன் அவன் ஒருவன்தான். அவனுடைய பிரமாண வாக்குமூலம் இல்லாமல் வழக்கு நிற்காது. அதன்மேல் எழுத்து மூலம் குறுக்குக் கேள்விகள் வரும். மற்ற இரண்டு பையன்களின் பெற்றோர் ஏற்கெனவே சமாதானமாகி, உங்கள் மகன்தான் அழைத்துப் போனான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று நீங்கள் விசாரித்தீர்களா? விசாரியுங்கள். அறையை விட்டு வெளியே வராத 16 வயதுப் பையனை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ஆண்டில், அந்த இரவைப் பற்றி மறுபடி மறுபடி எழுத வைப்பீர்களா என்பதையும் யோசியுங்கள்.

இன்னொரு பொறி. ஒழுங்கு மீறினால் பணம் திரும்பத் தரமாட்டோம் என்ற நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்குமாறு உங்களுக்கு யாராவது சொல்வார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே புகாரில் இதையும் சேவைக் குறைபாட்டையும் கலந்து எழுதி, திருப்பி அனுப்பப்பட்ட கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். நிபந்தனையைத் தாக்காமல், சேவைக் குறைபாடு என்ற ஒரே தளத்தில் நில்லுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு என் ஆலோசனை சமரசம்தான். கணக்கைப் பாருங்கள். போன விமானக் கட்டணம், விசா, காப்பீடு, தங்கிய ஒன்பது நாள் ஆகியவை உங்களுக்குத் திரும்பாது. தங்கலுக்கும் முகாமுக்கும் உரிய பகுதி சுமார் 2,80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மீதி 12 நாட்களுக்கு 1,60,000 வருகிறது. விமானச் சீட்டு 92,000. இரண்டும் சேர்ந்து 2,52,000. மகனின் பங்குக்காக இதிலிருந்து ஒரு பகுதி கழியும். மன உளைச்சலுக்கு ஏதாவது சிறு தொகை கிடைக்கலாம். அவர்கள் மேல்முறையீடு போனால் மேலும் சில ஆண்டுகள். ஆகவே வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி இரண்டரை லட்சம் கேளுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். 75,000-க்கு இப்போது சம்மதிக்காதீர்கள்; அந்த வெளியேற்றக் கடிதத்தை ஆணையத்தில் காட்ட நேரும் என்று தெரிந்தால் அவர்கள் இன்னும் ஏறி வருவார்கள்.

அறிவிப்பில் பழைய மின்னஞ்சலைப் பற்றி ஒரு வரி இருக்கட்டும்: முழு விவரம் தெரியாத நிலையில், முகாமிலிருந்து தகவல் வராததால் எழுதியது என்று. அது உண்மையாக இருந்தால் மட்டும். இதற்கிடையே கூகுள் மதிப்புரை, பெற்றோர் வாட்ஸாப் குழு, பள்ளி முதல்வருக்குக் கடிதம் எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் மூன்றாவது தாளாக வந்து சேரும்.

சமரச ரசீதில் கையெழுத்திடும்போது, பணம் கணக்கில் வந்த பிறகே கையெழுத்து என்பதில் உறுதியாக இருங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்கள் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். ஆனால் ‘எங்கள் மகனின் தவறான நடத்தையை ஒப்புக்கொள்கிறோம்’ என்ற வரியைப் பல நிறுவனங்கள் இடையில் செருகும். அதை அடிக்கச் சொல்லுங்கள், அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியேற்றக் கடிதத்தின் அசலை எக்காரணத்தாலும் கொடுக்காதீர்கள். முகாமிலிருந்து முன்கூட்டித் திரும்பியது விசா விதிமீறல் ஆகாது. விசா காலத்துக்குள்தானே புறப்பட்டான்?

பேச்சு நீண்டுகொண்டே போனால் மட்டும் ஒரு தேதியைக் கவனியுங்கள். புகார் தாக்கல் செய்ய இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். வெளியேற்றிய 2025 ஜூன் 22-இலிருந்து எண்ணுங்கள். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதற்காக அந்தக் காலக்கெடு நிற்காது. 2027 மார்ச் மாதத்துக்குள் பணம் வரவில்லை என்றால், அதற்குமேல் பேசாமல், நுகர்வோர் ஆணையங்களின் இணையவழித் தளமான இ-ஜாக்ரிதியில் புகாரைப் பதிவு செய்ய வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.