தசைநாண் தைத்த பிறகு (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கையில் நடந்த அறுவை சிகிச்சை பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன். கரூரில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். கழுவும்போது கண்ணாடி டம்ளர் உடைந்து, வலது கையின் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் அடிப்பக்கம் ஆழமாக வெட்டிவிட்டது. கோவையில் தசைநாண்களை (தசையை எலும்போடு இணைக்கும் நாண்களை) தைத்தார்கள். இது ஐந்தாவது வாரம், கையை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் இன்னும் இருக்கிறது. பயிற்சிக்கு வாராவாரம் வரச் சொன்னார்கள். ஒரு முறைதான் போக முடிந்தது. அசைத்தால் தையல் விட்டுவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் பந்து வாங்கிவந்து, அழுத்திக்கொண்டே இரு என்கிறார். புத்தூர் கட்டு போடச் சொல்பவர்களும் உண்டு. விரல்கள் விறைத்திருக்கின்றன. சுண்டு விரலில் உணர்ச்சியே இல்லை. இனி கத்தரிக்கோல் பிடிப்பேனா? தீபாவளிக்குத் துணி தைக்கக் கேட்கிறார்கள், வாங்கலாமா?

ம., கரூர்

அன்புள்ள ம.,

நான் மருத்துவன் அல்ல. இதே காயத்தைக் கடந்து வந்தவன், எனக்குச் சிகிச்சை தந்தவர்களைக் கேட்டுக் கேட்டுக் கற்றவன். அந்த அளவில் சொல்கிறேன். இந்த வாரமே பயிற்சிக்குப் போங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து, கட்டைவிரல் தவிர, ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு தசைநாண்கள் வருகின்றன. ஒன்று நடு மூட்டை மடக்குகிறது. இன்னொன்று அதன் பிளவுக்குள் புகுந்து நுனிவரை போய் நுனி மூட்டை மடக்குகிறது. சைக்கிள் பிரேக் கம்பி உறைக்குள் ஓடுவதுபோல இரண்டும் ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். உங்களுக்கு வெட்டுப்பட்டது அந்த உறை இருக்கும் இடத்தில். தைத்த தசைநாண் ஆறும்போது, உறையோடும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டிவிட்டால் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விரல் மடங்காது.

உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் பெரிய அறுவை மருத்துவர்களுக்கே அந்தப் பயம் இருந்தது. கை அறுவை சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்கர் ஸ்டெர்லிங் பன்னல், இந்தப் பகுதியில் தசைநாணை உடனே தைக்க வேண்டாம், தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறிடத்துத் தசைநாணை எடுத்துப் பொருத்தலாம் என்றார். 1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரால்ட் கிளைனர்ட் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் உடனே தைத்தார்கள். நகத்தில் ரப்பர் பேண்டு மாட்டி விரலை மடங்கிய நிலையில் இழுத்து வைத்து, நோயாளியைத் தானாக விரலை நீட்டச் சொன்னார்கள். ரப்பர் பேண்டு விரலைத் திரும்ப மடக்கிவிடும். தையலில் பெரிய பாரம் விழாது, தசைநாண் மட்டும் உறைக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். முதலில் பலர் நம்பவில்லை. இன்று பயிற்சிமுறைகள் பல வந்துவிட்டாலும், காவலோடு சீக்கிரம் அசைப்பது என்ற அடிப்படை மாறவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனின் பந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது அதுதான். பக்கவாதம் வந்தவர்கள் பந்தை அழுத்துவதைப் பார்த்து, எல்லாக் கைக்கும் அதுதான் மருந்து என்று நினைக்கிறார்கள். ஆறிக்கொண்டிருக்கும் தசைநாணை முழு வலுவோடு இழுத்தால் அறுந்துபோகலாம். பொதுவாக ஸ்பிளின்ட் சுமார் 6 வாரம் இருக்கும். 8 வாரத்துக்குப் பிறகே லேசான வலுப் பயிற்சி, பாரம் தூக்க 12 வாரமாவது ஆகும். உங்கள் மருத்துவரின் கணக்கு இதிலிருந்து மாறினால் அவருடையதே கணக்கு. திடீரென்று 'பட்'டென்று விட்டதுபோலத் தோன்றி, மடங்கிக்கொண்டிருந்த விரல் மடங்காமல் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குப் போடுவது. விரலை இறுக்கிக் கட்டி அசையாமல் வைத்தால் தசைநாண் ஒட்டிக்கொள்ளத்தான் உதவும். கைக்கென்றே தேர்ந்த மருத்துவம் நம் ஊரில் நெடுநாளாக இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971இல் அதற்குத் தனித் துறையே தொடங்கினார்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பல மணி நேரம் நுணுக்கமாகத் தைத்துவிட்டு, டிஸ்சார்ஜ் தாளில் 'பிசியோதெரபி செய்யவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த விரலை, எவ்வளவு தூரம், எந்தக் கையால் மடக்குவது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது? பஸ் செலவுக்கும் கடையை மூடும் நாளுக்கும் கணக்குப் பார்க்கும் ஒரு பெண் எப்படி வாராவாரம் கோவைக்குப் போவார்? நீங்கள் ஒரு முறை போனதே பெரிது. இனி கோவைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. என்ன தைத்தார்கள், எந்த வாரத்தில் என்ன செய்யலாம் என்று அறுவை செய்தவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கரூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அந்தத் தாள் இல்லாமல் யாரையும் உங்கள் விரலைத் தொட விடாதீர்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால், நீங்கள் மறந்தாலும் அவர் நினைவுபடுத்துவார்.

ஐந்தாவது வாரத்தில் விறைப்பு இருப்பது பயப்பட வேண்டியதல்ல. என் விரலும் அப்போது அப்படித்தான் இருந்தது. பல மாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்தது. முழுதாகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். நுனி மூட்டு இன்னமும் கடைசிவரை மடங்காது, குளிர்காலத்தில் வலிக்கும். ஆனால் பேனா பிடிக்கிறேன், வாளியும் தூக்குகிறேன். பயிற்சிக்குப் பிறகும் ஒட்டு விடாவிட்டால் சில மாதங்கள் கழித்து அதைப் பிரித்துவிட இன்னொரு அறுவை சிகிச்சை உண்டு. சுண்டு விரலில் உணர்ச்சி இல்லாததை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். நரம்பும் வெட்டுப்பட்டுத் தைக்கப்பட்டிருந்தால், அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை சூடான பாத்திரத்தையும் இஸ்திரிப் பெட்டியையும் அந்த விரல் உணராது என்பதால் அவற்றை இடது கையால் எடுங்கள்.

கத்தரிக்கோலுக்கு வருகிறேன். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலின் கீழ் வளையத்தில் மோதிர விரலுக்கும் வேலை உண்டு. கெட்டித் துணியில் அது கடும் வேலை. அதனால் உங்கள் வேலைகளில் கடைசியாகத் திரும்பி வருவது வெட்டும் வேலையாகத்தான் இருக்கும். மெஷினில் துணியை நகர்த்துவதற்கு அதற்கு முன்பே அனுமதி கிடைக்கலாம். தீபாவளி ஆர்டரை வாங்குங்கள், ஆனால் வழக்கத்தைவிடக் குறைவாக. வெட்டித் தர ஒருவரை இப்போதே பேசி வையுங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலியைத் தையல் கூலியில் சேர்த்தே சொல்லுங்கள். உங்களைத் தேடி வருபவர்கள் அதற்காக வேறு கடைக்குப் போய்விட மாட்டார்கள்.