கூடத்துக்கு 16 டவுன்லைட் தேவையா?

கேள்வி: நான்கு மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் உள்ள எங்கள் பழைய ஃபிளாட்டைப் புதுப்பிக்கிறோம். கூடம் 12-க்கு 15 அடி. தரையிலிருந்து தளம் வரை ஒன்பதரை அடி உயரம். நடுவில் ஒரு ஃபேன். ஃபால்ஸ் சீலிங் அடித்து, 12 வாட் எல்.இ.டி. டவுன்லைட் 16 பதிக்க வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம், கான்கிரீட்டில் குழி வெட்டிப் பதித்துவிடலாம் என்கிறார் என் கணவர். எது சரி? எந்த வகை விளக்கு வாங்குவது?
— வாசகி, திருவான்மியூர்

பதில்: முதலில் உங்கள் கணவரின் யோசனையைத் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள். குடியிருப்புகளின் தளம் பெரும்பாலும் ஐந்து அங்குலக் கனம்தான் இருக்கும். அதன் அடிப்பகுதியில் கம்பிகளை மூடியிருக்கும் கான்கிரீட் சுமார் 20 மில்லிமீட்டர் மட்டுமே. டவுன்லைட் உட்காரும் அளவுக்குக் குழி வெட்டினால் கம்பி வெளியே தெரியும் அல்லது அறுபடும். கடற்காற்று வீசும் உங்கள் பகுதியில் வெளியே தெரிந்த கம்பி விரைவில் துருப்பிடித்து உப்பும், சுற்றியுள்ள கான்கிரீட் பெயர்ந்து விழும். மேலும் அந்தத் தளம் மொட்டைமாடியையும் தாங்குவது. அதில் கை வைக்க உங்களுக்கு மட்டும் உரிமை இல்லை.

ஒப்பந்ததாரரின் எண்ணிக்கையையும் நான் ஏற்கமாட்டேன். 180 சதுர அடி என்பது ஏறத்தாழ 17 சதுர மீட்டர். உட்கார்ந்து பேசவும் தொலைக்காட்சி பார்க்கவும் பயன்படும் கூடத்துக்கு 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) வெளிச்சம் போதும் என்று வைத்துக்கொண்டால், சுவரும் தரையும் உறிஞ்சுவதையும் சேர்த்து, விளக்குகள் மொத்தமாக 4,200 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) அளவுக்குத் தந்தால் சரியாக இருக்கும். நல்ல எல்.இ.டி. டவுன்லைட் ஒரு வாட்டுக்கு 90 லூமன் தரும். ஆக, 8 வாட் விளக்கு ஆறு போதும். 16 விளக்குகளின் 192 வாட்டும் சேர்ந்து எரிந்தால் 17,000 லூமனுக்கு மேல் வரும். அது நகைக்கடைக்கு வேண்டிய வெளிச்சம். பதிப்புக்கூலி ஒரு விளக்குக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும்போது விளக்குகள் பெருகுவதில் வியப்பும் இல்லை.

நம் ஊர் வீடுகளில் டவுன்லைட்டின் இடத்தை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது ஃபேன்தான். 1,200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி தூரம் சுழல்கிறது. விளக்கின் ஒளிக்கற்றை அந்த வட்டத்துக்குள் விழுந்தால் இறக்கை ஒவ்வொரு முறையும் அதை வெட்டும். அறை முழுவதும் நிழல் படபடக்கும், சற்று நேரத்தில் தலைவலியே வந்துவிடும். இறக்கை சீலிங்கிலிருந்து ஓரடி கீழே இருந்தால், 60 டிகிரி கோணமுள்ள விளக்கின் ஒளி அந்த ஓரடிக்குள் பக்கவாட்டில் ஏறத்தாழ ஏழு அங்குலம்தான் விரியும். 120 டிகிரி பேனல் லைட்டில் அது 21 அங்குலமாகிவிடும். எனவே 60 டிகிரி விளக்குகளை வாங்கி, நீளச் சுவர்களிலிருந்து இரண்டரை அடி தள்ளி, ஐந்தடிக்கு ஒன்றாக, பக்கத்துக்கு மூன்று வையுங்கள். ஃபேனுக்கு மிக அருகில் உள்ள விளக்கும் அப்போது மூன்றரை அடி தள்ளி நிற்கும்.

கூடம் முழுவதற்கும் ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு மட்டும் பார்டர் அடித்து நடுப்பகுதியை அப்படியே விட்டால், ஃபேனுக்கு நீளமான ராட் தேடி அலைய வேண்டாம், கூடமும் தாழ்ந்து தெரியாது. குடியிருப்பு அறைகளுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடிக்குச் சற்று மேல், உயரம் கேட்கிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஐந்து அங்குலத்துக்கு மேல் இறக்க உங்களுக்கு இடமில்லை. முழுவதும் அடிப்பதென்றே முடிவானால், ஃபேன் தளத்தின் கொக்கியிலேயே தொங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் போர்டு அதன் எடையைத் தாங்காது.

விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது கடையில் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். ஒளி வரும் பகுதி விளிம்பிலிருந்து ஓரங்குலமாவது உள்ளே தள்ளியிருந்தால், சோபாவில் சாய்ந்திருப்பவரின் கண் கூசாது. உடல் அலுமினியமாக இருக்க வேண்டும். பக்கவாட்டு ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். திருவான்மியூர் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்தால் விளக்கு தொங்கிவிடும். அட்டையில் லூமன் அளவும், ‘சி.ஆர்.ஐ.’ எனப்படும் நிறத்துல்லிய எண்ணும், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். தரும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வாட்டை மட்டும் பெரிதாகப் போட்டு லூமனைச் சொல்லாத விளக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சி.ஆர்.ஐ. 80-க்குக் குறைந்தால் பட்டுப்புடவையின் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும்; கண்ணாடி முன்னும் சமையல் மேடைமேலும் 90 இருந்தால் நல்லது.

நிறத்தைப் பொறுத்தவரை கூடத்துக்கு 4,000 கெல்வின், படுக்கையறைக்கு 3,000 கெல்வின் (எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட வெள்ளை) என்பது என் கருத்து. வெள்ளை வெளேரென்ற 6,500 கெல்வின் நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று என்றாலும், இரவு பத்து மணிக்கு அது எனக்கு உவப்பாக இல்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் மூன்று நிற விளக்குகளை ஒரே வரிசையில் பதிக்காதீர்கள். நாளடைவில் ஒன்று மஞ்சளிலும் மற்றொன்று வெள்ளையிலும் நின்றுகொள்ளும்.

மேல்தளம் என்பதால் இன்னொன்று. வெயிலில் காய்ந்த தளத்துக்கும் போர்டுக்கும் இடையே சூடு தங்கும்; எல்.இ.டி.யில் பெரும்பாலும் முதலில் கெடுவது, வரும் மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர்; அதற்குப் பகை சூடு. வெப்பத்தைத் தடுக்கத் தெர்மோகோல் வைப்பதாக இருந்தால் விளக்குக்கு மேலும் சுற்றிலும் இடம் விடச் சொல்லுங்கள். டிரைவர் தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். ஓட்டை வழியாக வெளியே இழுத்து மாற்ற ஓரடி ஒயர் உபரியாகச் சுருட்டி வைக்கட்டும்.

ஃபிரேம் அடிக்கும் முன்பே விளக்கின் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். போர்டைத் தாங்க ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் செல்லும் உலோகச் சேனல் சரியாக ஓட்டையின் மேல் வந்து நின்றால், சேனலை அறுப்பதுதான் ஆட்கள் கண்ட குறுக்குவழி. ஆறு விளக்குகளையும் இரண்டு ஸ்விட்சாகப் பிரித்துக்கொண்டால், தொலைக்காட்சி பார்க்கும்போது எதிர்ச்சுவர் வரிசையை மட்டும் எரியவிடலாம்.

கேள்வி: ஸ்விட்சை அணைத்த பிறகும் எங்கள் டவுன்லைட்டுகள் மங்கலாக ஒளிர்கின்றன. விளக்கு பழுதா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: விளக்கு பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்விட்சில் சின்னஞ்சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்சாரமே எல்.இ.டி.யை மினுக்கப் போதும். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சாக மாற்றினால் சரியாகிவிடும். அது இல்லையென்றால், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயருக்குப் பதிலாக, அது திரும்பும் நியூட்ரல் ஒயர் ஸ்விட்சுக்குப் போயிருக்கக்கூடும். அப்படியானால் ஸ்விட்சை அணைத்தாலும் விளக்கின் ஒயரில் மின்சாரம் இருக்கும், தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து இணைப்பை மாற்றும் வரை அந்த விளக்குகளைக் கழற்றவோ துடைக்கவோ மெயினை அணைக்காமல் முயல வேண்டாம்.