ஐஸ் பாரும் ஏஜென்ட்டும்

கேள்வி: போட்டுக்காரங்களுக்கு ஐஸ் ஆர்டர் எடுக்க சின்னதா ஒரு டூல் எழுதினேன் சார், அதைக் கூப்பிட்டு ஆர்டர் போடுற ஏஐ ஏஜென்ட் (நாம சொல்ற வேலையை டூல்களை வச்சு தானே முடிக்கிற ஏஐ) 5 பார் கேட்டா 5 கிலோன்னு போட்டுடுது, ஏன்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, பெரும்பாலும் ஏஜென்ட் நீங்க எழுதின புரோகிராமைப் பார்க்கிறதே இல்ல, டூலோட பேரு, விளக்கம், என்ன உள்ளீடு வேணுங்கிற ஸ்கீமா, இதை வச்சுத்தான் முடிவு பண்ணுது, 2024 நவம்பர்ல வந்த எம்சிபியிலயும் (ஏஐயை வெளி டூல்களோட இணைக்கிற பொது முறை) அப்படித்தான். நீங்க வெறும் "அளவு"ன்னு எழுதியிருப்பீங்க, அது கிலோன்னு எடுத்துக்கிச்சு. "ஐஸ் பார் எண்ணிக்கை, முழு எண், கிலோ இல்ல"ன்னு எழுதிப் பாருங்க. தேதியும் அப்படித்தான், 05-06ன்னா மே மாசமா ஜூனா? முக்கியமா, தப்பு வந்தா "பிழை"ன்னு மட்டும் திருப்பாதீங்க, "எண்ணிக்கை 1லேர்ந்து ஆரம்பிக்கணும்"னு காரணத்தோட சொல்லுங்க, பல நேரம் ஏஜென்ட்டே திருத்திக்கிட்டு டூலை மறுபடி கூப்பிடும்.