சந்தா கட்டாமலே பலன் வருமா?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வணிகர் சங்கம் ஆண்டுச் சந்தா 120 ரிங்கிட் கேட்கிறது. அந்நியத் தொழிலாளர் அனுமதி வந்தால் எல்லாக் கடைக்கும்தானே வரும்? நான் ஏன் கட்ட வேண்டும்? இணையத்தில் வாங்கும் வெளிநாட்டுத் துணிக்கு 40 விழுக்காடு வரி போடச் சொல்லிச் சங்கம் அரசிடம் கேட்கப்போகிறதாம். நடக்குமா?

பதில்: சங்கக் கூட்டங்களில் பலர் மனத்திலும் இருந்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி உங்களுடையது. அமெரிக்கப் பொருளியலர் மன்கர் ஓல்சன் 1965-இல் இதைத்தான் எழுதினார். பலன் பொது என்றால் செலவை அடுத்தவர் தலையில் கட்டவே ஒவ்வொருவரும் பார்ப்பார். அதனால் சிறிய கூட்டம் சேர்ந்துவிடும், பெரிய கூட்டம் சிதறிக் கிடக்கும். பத்துக் கடைக்காரர்களில் ஒருவர் சந்தா தராவிட்டால் மாலைத் தேநீருக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பல இலட்சம் வாடிக்கையாளர்களில் யார் யாரைத் தேடிப் பிடிப்பது?

உங்கள் துறையையே பாருங்கள். துணி, நகை, முடிதிருத்தும் துறைகளில் அந்நியத் தொழிலாளர் எடுப்பது 2009-இல் முடக்கப்பட்டது. 7,500 பேருக்கு அனுமதி என்று அரசு அறிவித்தது 2023 செப்டம்பரில். பதினான்கு ஆண்டுகள்! அத்தனை காலமும் மனு எழுதவும் அரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போய்வரவும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்.

இனி அந்த 40 விழுக்காடு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு குழு தள்ளினால் எதிர்ப்பக்கமும் தள்ளும் என்பது இன்னோர் அமெரிக்கப் பொருளியலர் கேரி பெக்கர் 1983-இல் வகுத்த கோட்பாடு. வரி ஏறினால் விரயம், அதாவது யாருக்கும் பயன்படாமல் போகும் இழப்பு, அதைவிட வேகமாக ஏறும். எதிர்ப்பும் கூடவே வலுக்கும். 2024 ஜனவரி முதல், இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. 50 ரிங்கிட் சுடிதாருக்கு 5 ரிங்கிட். வாங்குபவர் முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுவார். அதே சுடிதாருக்கு 20 ரிங்கிட் என்றால்? ஒருவர் வாங்காமலே விடுவார். இன்னொருவர் திருச்சிக்குப் போகும் அத்தையிடம் பெட்டியில் கொண்டுவரச் சொல்வார். அரசுக்கு வரியும் இல்லை, உங்களுக்கு விற்பனையும் இல்லை. அதற்குள் இணைய விற்பனையாளர்களும் விநியோக நிறுவனங்களும் அமைச்சர் வாசலில் நிற்பார்கள்.

தொழிலாளர் அனுமதி அப்படியல்ல. அது கருவூலத்தைத் தொடவில்லை, வாங்குபவர் பையையும் தொடவில்லை. எதிர்ப்பக்கம் என்றால், சம்பளம் குறையுமோ என்று அஞ்சும் உள்ளூர்த் தொழிலாளர்கள்தான். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே எத்தனை முறை உள்ளூரில் ஆள் தேடி விளம்பரம் செய்தீர்கள், என்ன சம்பளம் சொன்னீர்கள் என்பதை மனுவிலேயே வையுங்கள்.

சந்தாவைக் கட்டுங்கள். கட்டும்போது செயலாளரிடம் ஒன்று கேளுங்கள்: உறுப்பினருக்கு மட்டும் என்ன தருகிறீர்கள்? உரிமம் புதுப்பிக்க உதவியோ, சேர்ந்து சரக்கு இறக்கும் வசதியோ ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பட்டியல் பாதியாகிவிடும். 40 விழுக்காட்டுத் தீர்மானம் வரும் அன்று தவறாமல் போங்கள்; சந்தா கட்டியவர்தானே எதிர்த்துக் கை தூக்க முடியும்.